கடலுக்குள் ஒரு வேலி

இது நடந்தது போன வருடத்துக்கு முந்தைய ஐப்பசியில், சுருவில் பக்கத்துக் கடற்கரையில். பௌர்ணமிப் போயா விடுமுறை நாள். அக்காவும் நானும் காலையிலேயே ஸ்கூட்டியில் வெளிக்கிட்டுவிட்டோம். பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டி தாண்டி, வேலணை வயல்களுக்கு ஊடாக, நின்று நின்று படம் எடுத்துக்கொண்டு போனதில் கரைக்கு வந்து சேரும்போது மத்தியானம் சரிந்துவிட்டது.

நான் கமரா வாங்கியது நாற்பது வயதுக்குப் பிறகு. இருக்கிற இடத்தில் இருக்க முடியாத ஒரு வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. கமரா அதற்கு நல்ல சாட்டு. எங்கே போகிறாய் என்று யாரும் கேட்டால் படம் எடுக்க என்று சொல்லலாம். அக்காவுக்கு அந்த வியாதி இல்லை. அவள் வீடு, கோயில், பின்னேரம் ரீவி என்று இருக்கிறவள். ஆனால் என்னைத் தனியே விடவும் மாட்டாள். எங்களுக்குள் வயது வித்தியாசம் பெரிதில்லை. அக்கா என்று கூப்பிடுவேன், நீ என்றுதான் பேசுவேன். பின் சீற்றில் ஏறி, சுடுதண்ணிப் போத்தலையும் தட்டை வடைப் பையையும் மடியில் வைத்துக்கொண்டு, வழி முழுக்க என்னை ஏசிக்கொண்டு வருவாள். அந்த ஏச்சு இல்லாமல் எனக்கும் படம் சரிவராது.

ஐப்பசியில் தீவுப்பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சோளகம் ஓய்ந்துவிடும். வாடை இன்னும் பிறந்திருக்காது. இரண்டு காற்றுக்கும் நடுவில் கடல் வேலை இல்லாத ஆள் மாதிரிச் சும்மா கிடக்கும். வானம் முழுக்க முகில் கோபுரம் கோபுரமாக எழும்பி நிற்கும், அத்தனையும் தலைகீழாகத் தண்ணீரில் நிற்கும். எது மேல், எது கீழ் என்று படத்தைப் பார்த்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். அந்த ஒரு மயக்கத்துக்காகத்தான் நான் வருடா வருடம் ஐப்பசிக்குக் காத்திருப்பேன்.

அன்றைக்கு நான் தேடிப் போனது சிறகுவலை. ஆழமில்லாத அந்தப் பரவைக்கடலில் கம்புகளை வரிசையாக ஊன்றி வலையைக் கட்டி விட்டிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கடலுக்குள் யாரோ காணி பிரித்து வேலி அடைத்த மாதிரி இருக்கும். பண்ணைப் பாலத்தில் நின்று அதை நான் எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன். கரைப்பக்கமிருந்து நேராக ஒரு கோடு ஓடும், ஓடிப்போய் அந்தத்தில் அம்பு முனை மாதிரி விரியும். பாலத்திலிருந்து எடுத்தால் அது வெறும் கோடு. கிட்டப் போய், தண்ணீர் மட்டத்திலிருந்து எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

கரையில் யாரும் இல்லை. கவிழ்த்துப் போட்ட ஒரு வள்ளம், தூரத்தில் மீன்பிடிக்காரரின் ஓலைக் கொட்டில், வாடி ஒன்று. கடல் வற்றிக் கிடக்கிற வத்துக் காலம் போல. தண்ணீர் கணுக்காலுக்கு மேலே ஏறவில்லை. போன்கள் நனைந்துவிடும் என்று இரண்டையும் ஸ்கூட்டிச் சீற்றுக்குக் கீழே வைத்துப் பூட்டினேன். செருப்பைக் கழற்றிக் கரையில் விட்டுவிட்டு, கமரா ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

அக்கா இறங்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். தொண்ணூறுகளில், சண்டைக்குள், கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்து போனோம். அதற்குப் பிறகு அவள் கடல் தண்ணீரில் கால் வைத்ததில்லை. நீந்தத் தெரியாது. ஒரு முழங்கால் வேறு சொல்வழி கேளாது. வள்ளத்தின் நிழலில் இருந்து வடை தின்றுகொண்டிருந்தவள், நான் கொஞ்சத் தூரம் போனதும் எழும்பினாள். என் செருப்போடு தன் செருப்பையும் சேர்த்து அடுக்கி வைத்துவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு காலை வைத்தாள். பிறகு மற்றக் காலை.

"என்னடி, கேணித் தண்ணி மாதிரியெல்லோ கிடக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு நான் சிறகுவலையை எடுக்கவில்லை, அக்காவைத்தான் எடுத்தேன். முகில்களின் மேல் நடக்கிற மாதிரி அவள் நடந்து வந்தாள். சாதாழைப் பாசி காலில் சிக்கியதும் பாம்பு என்று கத்தினாள். குனிந்து பார்த்துவிட்டுத் தன்னைத் தானே பகிடி பண்ணினாள். ஐம்பது வயதுக்கு மேல் ஒருத்தியின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு வருமென்று எனக்குத் தெரியாது. இன்னும் கொஞ்சம், அக்கா, இன்னும் கொஞ்சம் அங்காலே நில் என்று நானும் சொல்லச் சொல்ல, அவளும் போகப் போக, தண்ணீர் முழங்காலுக்கு வந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. வெளிச்சம் மேற்கே இருந்தது. எங்கள் முகமும் மேற்கே இருந்தது. மழை எங்கள் முதுகுக்குப் பின்னால், தரையில் கட்டி எழும்பிக்கொண்டிருந்தது.

முதலில் பிடரியில் குளிர் பட்டது. யாரோ பின்னால் ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்ட மாதிரிக் குளிர். திரும்பிப் பார்த்தேன். கரை இல்லை. வள்ளம், பனை, ஸ்கூட்டி, ஒன்றும் இல்லை. அவை இருந்த இடத்தில் ஒரு வெள்ளை நின்றது. அது நடந்து வந்தது. நான் அக்காவின் கையைப் பிடிப்பதற்கும் அது எங்களுக்கு மேலால் போவதற்கும் சரியாக இருந்தது.

மழை என்று சொன்னால் உங்களுக்கு விளங்காது. தண்ணீர் மேலிருந்து விழுந்தது, விழுந்த தண்ணீர் கடலில் பட்டு மேலே எழும்பியது, இரண்டுக்கும் நடுவில் நாங்கள். நீட்டிய கையின் விரல் தெரிந்தது, அதற்கு அப்பால் இல்லை. மழை எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்தால் கரை எங்கே என்று தெரிந்துவிடும் என எண்ணி முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது எல்லாப் பக்கமும் அடித்தது. அப்படித் திரும்பியதில் நான் முதலில் எந்தப் பக்கம் பார்த்து நின்றேன் என்பதும் போய்விட்டது. கடல் அடியும் ஒரே சமம். ஏற்றம் இறக்கம் ஒன்றையும் கால் சொல்லவில்லை.

அப்போதுதான் முதல் மின்னல். இடி இடையில் நேரம் விடவில்லை, கூடவே வந்தது.

"உந்த இரும்பை எறியடி" என்று அக்கா கத்தினாள்.

எனக்கு உறைத்தது. சுற்றிவர எங்கும் தட்டையான தண்ணீர். அதில் உயரமாக நிற்பது நாங்கள் இரண்டு பேர், என் தோளில் ஓர் உலோகத் தடி. ஸ்டாண்டை வீசினேன். அது விழுந்த சத்தம்கூட மழையில் கேட்கவில்லை. இரண்டு பேரும் தண்ணீரில் குந்தினோம். குந்தினால் அலை வாய்க்கு வந்தது. எழும்பினால் மின்னல். எழும்பினோம், குந்தினோம். இப்போது சொல்லும்போது சிரிப்பாக இருக்கலாம். அப்போது அக்காவின் விரல்கள் என் மணிக்கட்டில் எலும்பைத் தேடிக்கொண்டிருந்தன.

எங்கேயாவது நடக்க வேண்டும் என்று நடந்தோம். கொஞ்சத் தூரத்தில் என் கை எதிலோ அடிபட்டது. கம்பு. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கம்பு. இடையில் வலை. சிறகுவலைதான்.

அந்த நேரம் எனக்கு வந்த ஆறுதலை எழுத எனக்குத் தெரியவில்லை. அக்கா கம்பைக் கட்டிப்பிடித்து அழுதாள். நாங்கள் வலிகாமத்துச் செம்மண் ஆட்கள். தோட்டமும் வேலியுமாக வளர்ந்தவர்கள். எங்கள் பக்கத்தில் வழி தவறினவர்களுக்கு வேலிதான் வழி. ஏதாவது ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஒழுங்கை வரும், ஒழுங்கையில் ஒரு படலை வரும், படலையைத் தட்டினால் யாரோ லைற்றைப் போட்டுக்கொண்டு வெளியே வருவார்கள். இருட்டில், குண்டுக்குப் பயந்து பங்கருக்குள் ஓடின நாட்களில்கூட எங்களை வேலி ஏமாற்றியதில்லை.

"வேலியைப் பிடிச்சுக்கொண்டே போவம்" என்றேன். எந்தப் பக்கம் என்று அக்கா கேட்டாள்.

இரண்டு பக்கமும் வெள்ளை. தடவிப் பார்த்தேன். ஒரு பக்கம் கம்புகள் கட்டையாகவும் ஐதாகவும் போயின. மற்றப் பக்கம் உயரமாகவும் நெருக்கமாகவும் நின்றன. எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. காணியின் பின்பக்கத்தில் வேலி ஐதாகக் கிடக்கும். வீட்டுக்குக் கிட்ட வர வரத்தான் கட்டாக அடைத்திருப்பார்கள். உயரமான கம்புகள் நின்ற பக்கம் திரும்பினோம். கம்புக்குக் கம்பு கையை மாற்றி மாற்றி, நான் முன்னால், அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால், விறுவிறு என்று நடந்தோம்.

தண்ணீர் தொடைக்கு வந்தது.

"எடி, ஆழமாப் போகுது."

"மழைக்குத் தண்ணி ஏறுது அக்கா."

"கடல் எப்பிடியடி மழைக்கு ஏறும்?"

"ஏறும். நீ பேசாமல் வா."

நான் அதை நம்பினேன். நம்பித்தான் சொன்னேன். இடுப்புக்கு வந்தபோது வத்து முடிந்து பெருக்குத் தொடங்கிவிட்டது என்றேன். வயிற்றுக்கு வந்தபோது இன்னும் வேகமாக நடந்தேன். கையில் இருந்த வேலி அவ்வளவு நேராக, அவ்வளவு உறுதியாகப் போனது. அதை விட்டால் வேறு ஒன்றும் இல்லை.

நெஞ்சுக்கு வந்தது. அக்கா என்னைவிடக் குள்ளம். அவளுக்கு அது கழுத்து. கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, மழையைப் பார்த்துச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்: "அண்டைக்குக் கிளாலியிலை வள்ளமெண்டாலும் இருந்தது."

அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஏசுகிறவள் ஏசாமல் விட்டால் என்ன செய்வது.

அடுத்த கம்புக்குக் கையை நீட்டினேன். அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கொஞ்சம் உள்ளே வளைந்து நின்றது. அதற்கடுத்தது இன்னும் உள்ளே. வேலி வளைந்தது. இடது பக்கமும் இன்னொரு வேலி வந்து என் தோளில் உரசியது. என் வயிற்றில் ஏதோ உயிருள்ள ஒன்று முட்டி வழுக்கிப் போனது. பிறகு கால்களுக்கிடையில், முதுகில். எங்களுக்கு முன்னால் தண்ணீர் கொதித்தது. மின்னல் அடித்தது. அந்த வெளிச்சத்தில் பார்த்தேன்: வட்டமாக ஊன்றிய கம்புகளுக்குள், வெளியே போக இடமில்லாமல், வெள்ளி வெள்ளியாக மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

அதே நேரம் என் சட்டையில் இருந்த பிடி விடுபட்டது.

திரும்பினேன். அக்கா இல்லை. கம்பின் அடியில் நீரோட்டம் அரித்த பள்ளம் ஒன்று இருந்திருக்கிறது. அந்தச் சொல்வழி கேளாத கால் அதற்குள் போய்விட்டது. தண்ணீருக்கு மேல் பாவாடையின் ஒரு துண்டு மட்டும் காற்றுப் பிடித்து மிதந்தது. கழுத்தில் கிடந்த கமராவோடு நான் முழுகினேன். கையில் அகப்பட்டது கொண்டை. அதைப் பிடித்து இழுத்தேன். ஆளை இழுக்கிறேனா, கடலை இழுக்கிறேனா என்று தெரியாத கனம். மேலே வந்தவள் மூச்சு விடவில்லை. கம்போடு சேர்த்து அவளைச் சாத்தி முதுகில் அடித்தேன். எத்தனை தடவை என்று தெரியாது. பிறகு இருமினாள். உப்புத் தண்ணீரும் வடையும் என் தோளில் வந்தது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல ஒன்று என் மேல் விழுந்ததில்லை.

அவளை அணைத்துக்கொண்டு நின்றபோதுதான் பாலத்திலிருந்து நான் எடுத்த படங்கள் மனதில் வந்தன. கரையிலிருந்து வரும் நேர்க்கோடு, அந்தத்தில் அம்பு முனை. இத்தனை வருடம் அதை வடிவாக இருக்கிறது என்று எடுத்தேனே தவிர, எதற்காக அப்படிக் கட்டுகிறார்கள் என்று யோசித்ததில்லை. நாங்கள் நிற்பது அம்பு முனையில். மீன் போய் அடைகிற கூட்டின் வாசலில். உயரக் கம்பு தேவைப்படுவது ஆழத்துக்கு. கட்டை போதுமான இடம் கரை.

"அக்கா, நாங்கள் மாறி வந்திட்டம்."

அவளுக்கு மூச்சு முழுதாகத் திரும்பவில்லை. ஆனாலும் சொன்னாள்: "எப்பவும் உனக்கு உதுதானே வேலை." அதைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

திரும்பினோம். இப்போது அவளை முன்னால் விட்டேன். ஒவ்வொரு கம்பாக. தண்ணீர் நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு, வயிற்றிலிருந்து இடுப்புக்கு இறங்கியது. இந்த முறை நான் வேலியை நம்பவில்லை. தண்ணீர் இறங்குகிறதா என்பதைத்தான் ஒவ்வொரு அடிக்கும் பார்த்தேன். அக்கா ஒரு கம்புக்கு ஒரு கடவுள் என்று தெரிந்த எல்லாரையும் கூப்பிட்டாள். இடையில் என்னையும் ஏசினாள். கம்புகள் கட்டையாகின, ஐதாகின. பிறகு ஒரு கம்பு வந்தது. அதற்குப் பிறகு இல்லை.

கரை வரைக்கும் வலை கட்டுவதில்லை என்பது எனக்குத் தெரியாது. முழங்கால் தண்ணீரில், கடைசிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மழை விடவில்லை. நேரே நடந்தால் கரை. ஆனால் அந்த வெள்ளையில் நேர் என்றால் எது? பிடியை விட்டு நான்கு அடி போனால் திரும்பவும் கம்பைக் காண முடியாது. அக்கா இரண்டு கையாலும் கம்பைக் கட்டிக்கொண்டாள். "நான் வரமாட்டன். என்னாலை ஏலாது. நீ போய்ப் பார்." அவளை விட்டுவிட்டுப் போகவும் முடியாது, நிற்கவும் முடியாது. மின்னல் இன்னும் கிட்டத்தில்தான் இருந்தது. ஆழத்தில் நின்றபோது வராத நடுக்கம், காப்பாற்றப்பட்டுவிட்டோம் என்று நினைத்த இந்த இடத்தில் எனக்கு வந்தது. பற்கள் அடித்தன.

அப்போது எங்கோ ஒரு ஹோர்ன் சத்தம். விட்டு விட்டு இல்லை, ஒரே இழுவையாக. முதலில் அது காதுக்குள் கேட்கிற சத்தம் என்று நினைத்தேன்.

"எடி, அது உன்ர ஸ்கூட்டியெல்லோ" என்றாள் அக்கா.

என்னுடையதுதான். கொஞ்சம் கரகரத்த, சளி பிடித்த ஹோர்ன். சத்தம் வந்த பக்கம் இரண்டு பேரும் கூப்பிட்டோம். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்குள் ஒரு நிழல் தடித்தது. சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர், தலையில் யூரியாப் பையைக் கவிழ்த்துக்கொண்டு, தண்ணீரை உழக்கியபடி வந்தார். எங்களைக் கண்டதும் நின்றார். மூச்சை ஒரு தரம் நன்றாக வெளியே விட்டார். பிறகு திரும்பிக் கரைப்பக்கம் பார்த்துக் கத்தினார்: "இருக்கினம். ரண்டு பேரும் இருக்கினம்." ஹோர்ன் நின்றது. உடனே, "அமத்தடி, விடாத" என்று திரும்பவும் கத்தினார். ஹோர்ன் தொடங்கியது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் நடந்தோம்.

வாடிக்குள் அவருடைய மனைவி எங்களுக்குத் துவாய் தந்தா, தேத்தண்ணி ஊற்றித் தந்தா. என் வயதுதான் இருக்கும். கழுத்தில் செபமாலை. ஹோர்னை அமத்திக் களைத்த பெருவிரலை மற்றக் கையால் பிசைந்துகொண்டே பேசினா. நான் வழக்கம்போல ஸ்கூட்டித் திறப்பைத் துளையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

"எந்தப் பக்கத்தாலை போனனீங்கள்?" என்று அவர் கேட்டார்.

"கூட்டடிக்குப் போயிட்டம், அண்ணை."

"உள்ளுக்கை இறங்கினனீங்களோ?"

"இல்லை. வாசல்லை நிண்டனாங்கள்."

"இறங்கியிருந்தா நாளைக்குக் காலமை மீனோடைதான் உங்களையும் அள்ளியிருப்பன்" என்றார். மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தா. "பேசாமல் இரும். அவையே நடுங்கிக்கொண்டு இருக்கினம்." பிறகு எங்கள் பக்கம் திரும்பினா. "மீனும் உப்பிடித்தான் அக்கா. வலையிலை முட்டினவுடனை பயந்து ஆழப் பக்கம் ஓடும். நாங்கள் துரத்துறேல்லை. தானாப் போய் விழும்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தா. நாங்களும் சிரித்தோம். சிரிப்பு வந்ததா, குளிரில் தாடை ஆடியதா என்று சொல்ல மாட்டேன்.

மழை குறைந்து நாங்கள் எழும்பும் நேரத்தில் அவ என் கையைப் பிடித்துத் தனியே கூட்டிக்கொண்டு போனா. குரலைத் தாழ்த்திக் கேட்டா: "படம் எடுக்கத்தானே வந்தனீங்கள்?"

விளங்கவில்லை. ஓம் என்றேன்.

"இல்லை, செருப்பு ரண்டு சோடி வடிவா அடுக்கிக் கிடந்துது. ஆக்களைக் காணேல்லை. நாங்கள் வேற மாதிரி நினைச்சிட்டம். அதுதான் இவர் ஒண்டும் யோசிக்காமல் மின்னலுக்கை இறங்கினவர்."

அப்போதுதான் எனக்கு அந்த மனிதர் எங்களைக் கண்டவுடன் மூச்சை வெளியே விட்டது விளங்கியது. வழி தவறிய இரண்டு பேரைத் தேடி அவர் வரவில்லை. வாழ வேண்டாம் என்று முடிவெடுத்த இரண்டு பேரை மறிப்பதற்காக, தன்னுடைய உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, முகம் தெரியாத கடலுக்குள் வந்திருக்கிறார். நான் சொல்லிக் கேட்டதும் அக்கா அந்தப் பெண்ணின் பெருவிரலைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள்.

கமரா உப்பில் செத்துவிட்டது. உள்ளே இருந்த மெமரி காட் பிழைத்தது. அக்கா சிரிக்கிற படங்கள் இருக்கின்றன. அவள் பார்த்தாள், பிறகு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை, பிறகு கதைத்தாள். நாங்கள் திரும்பவும் அந்தக் கரைக்குப் போய், வாடியில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வந்திருக்கிறோம். கடலில் இறங்கவில்லை.

நினைத்துப் பார்க்கிறபோது என்னை இப்போதும் கலங்க வைப்பது மின்னலும் இல்லை, மழையும் இல்லை. தண்ணீர் தொடைக்கு வந்ததும், இடுப்புக்கு வந்ததும், நெஞ்சுக்கு வந்ததும் என் உடம்புக்குத் தெரிந்தது. அக்கா வாய் திறந்து சொன்னாள். அத்தனையையும் தள்ளிவிட்டு, கையில் அகப்பட்ட ஒரு நேர்க்கோட்டை நம்பினேன், அது உறுதியாக இருந்தது என்பதற்காக. அந்த நாளுக்குப் பிறகு என் பயங்கள் குறைந்துவிட்டன என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தில் எதையாவது இறுக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறு என்று நடக்கத் தொடங்குகிறேன் என்று தெரிந்தால், ஓர் அடி நின்று, தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று பக்கத்தில் வருகிறவளிடம் கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறேன்.